வால் இல்லாத ரகரம்

பிப்ரவரி 1

வாலு,

பதினாலு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது அக்கா எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னைக் கொஞ்சுவதற்கு இல்லை. விலாசத்தை உன் பழைய அறைத் தோழனிடம் வாங்கினேன். சுரங்க முகாமில் இருக்கிறாய், அங்கே போன் எடுக்காது, வியாழக்கிழமை வண்டியில் கடிதம்தான் போகும் என்றான். அதுவும் நல்லதுதான். போன் என்றால் நீ 'ம், ம்' என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்திருப்பாய்.

அத்தானுக்கு நவம்பரில் பக்கவாதம் வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பி, ஒரு கால் ஷூவைப் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுக்கக் குனிந்தவர், அப்படியே சாய்ந்தார். பேச்சு முழுக்கப் போயிற்று. இடது கையில் இரண்டு விரலும் கண்ணும்தான் இப்போது அவர் பேச்சைக் கேட்கின்றன. புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இருபது வருஷம் லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்த மனுஷன், ஏழாவது மாடியில் ஒரு கட்டிலில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்.

நானும்தான். குடிநீர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஊரார் புகாரைப் போனில் கேட்டவள், இப்போது புகாரே சொல்ல முடியாத ஒருத்தரோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். என் விடுப்பு மார்ச் 31 வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். பகலில் அவரோடு இருக்க ஆள் கிடைக்காவிட்டால், ஏப்ரல் ஒன்றாம் தேதி பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டியதுதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே ஹாலில் பன்னிரண்டு கட்டில், ஒரு டிவி. டிவி தெரிகிற கட்டில்களில் இடம் இல்லையாம். சுவர் ஓரத்துக் கட்டிலுக்கு அவர் பேரை எழுதி வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்ல உனக்கு எழுதவில்லை. எழுத்து விஷயம் ஒன்று இருக்கிறது. பிசியோதெரபிக்கு வருகிற அம்மா, "எழுத்துக் காய் செஞ்சு குடுங்க, ரெண்டு விரலால தள்ளிப் பேசுவார்" என்றார். அத்தானுக்குப் பார்வை இரட்டை இரட்டையாகத் தெரிகிறது, அதனால் எழுத்து தடியாக, தொட்டாலே தெரிகிற மாதிரி மேடாக இருக்க வேண்டுமாம். போர்டுக் கடைக்காரரிடம் போனேன். "மெல்லிசா இருந்தா வெட்டும்போது ஒடைஞ்சிடும்மா, கட்டை கட்டையா ஏதாச்சும் ஃபாண்ட் இருந்தா கொண்டாங்க" என்றார். நான் கடையிலேயே சிரித்துவிட்டேன். நம் வீட்டில் கட்டை எழுத்துக்கா பஞ்சம்? நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டு, கட்டத்தின் மேல் கட்டம் அடுக்கி எழுத்து செய்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சும்மா பகிர்ந்துகொண்டிருந்தீர்களே, அந்த இணையதளத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

அங்கே அவர் வைத்துக்கொண்டிருந்த 'கொத்தனார்' என்ற பேரைத் தேடினால் வெற்றுப் பக்கம். உன்னோடு சண்டை போட்ட அன்று அவர் தன் முப்பத்தொரு எழுத்துருவையும் அழித்தது அழித்ததுதான். எல்லாம் அந்தத் தளத்திலேயே கட்டியது, கணினியில் ஒன்றும் மிச்சம் இல்லை. உன்னுடைய 'சதுரம்' மட்டும் இன்னும் இருக்கிறது. அதைத்தான் இறக்கி வெட்டக் கொடுத்தேன். அவரிடமிருந்து நீ எடுத்ததை வைத்துத்தான் அவர் இப்போது பேசுகிறார். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

அக்கா

*

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த இடத்தைப் பற்றி. சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் என் பொறுப்பு. எட்டுப் பேருக்கு ஓர் அறை. தூசி வரும் என்று ஜன்னலை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். வந்த அன்று கேட்டில் போனை வாங்கிப் பூட்டினார்கள், ஒப்பந்தம் முடிந்தால்தான் கையில் வரும். சுற்றி வேலி. வேலியைத் தாண்டினாலும் போய்ச் சேர ஓர் இடம் கிடையாது. பம்ப் அளவு குறிக்கக் கட்டம் போட்ட தாள் கொடுப்பார்கள். மிஞ்சுகிற தாளில் எழுத்து கட்டுகிறேன். யாரிடமும் காட்டுவதில்லை.

இப்போது அந்த விஷயம். அத்தானின் 'மின்தூக்கி' எழுத்துருவைப் பிரதி எடுத்துத்தான் 'சதுரம்' செய்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம் என்று அவரே அனுமதி போட்டிருந்தார். 'யாருடையதிலிருந்து எடுத்தது' என்ற இடத்தைக் காலியாக விட்டது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் அதைக் கேட்கவே இல்லை அக்கா. தளத்தில் அந்த மாதத்தின் சிறந்த எழுத்துரு என்று 'சதுரம்' தேர்வாகி, எல்லாரும் வாழ்த்துகிற இடத்தில் வந்து ஒரே ஒரு வரி போட்டார்: "ரகரத்துக்கு வால் எங்கே?"

வாலை நான்தான் எடுத்தேன். எல்லா எழுத்தும் ஏழு கட்ட உயரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. ர-வின் அடியில் சாய்வாக ஒரு வால் வைத்தால் எட்டாவது கட்டம் தேவைப்படுகிறது, எல்லாம் கெட்டுப்போகிறது. வாலை எடுத்தால் ர-வும் துணைக்காலும் ஒரே வடிவம். ஒரே கட்டுமானம், இரண்டு வேலை. அதில் எனக்கு அவ்வளவு பெருமை. 'படிக்கிறவன் இடம் பார்த்துப் புரிந்துகொள்வான்' என்று பதில் போட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். 'லிப்ட் ரிப்பேர் பண்றவர் எழுத்தை ரிப்பேர் பண்ண வர வேண்டாம்' என்றும் போட்டேன். நூற்றுக்கணக்கான பேர் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

மார்ச் 31-ஓடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மார்ச் 20 வண்டியில் தாள் போக வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் நான் வெளியே வந்துவிடுவேன். பகல் முழுக்க அத்தானோடு இருப்பேன். நீ வேலைக்குப் போகலாம். இல்லமும் வேண்டாம், சுவர் ஓரத்துக் கட்டிலும் வேண்டாம்.

ஆனால் அவர் சம்மதிக்க வேண்டும். பிடிக்காதவன் வந்தால் எழுந்து போகக்கூட முடியாத ஆள் முன்னால் நான் பாட்டுக்குப் போய் நிற்க மாட்டேன். அவரிடம் கேட்டு எழுது.

தம்பி

*

பிப்ரவரி 22

வாலு,

'தம்பி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பெரிய மனுஷன் ஆகிவிட்டாய் போலிருக்கிறது. நீ வாலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினதைப் படித்துவிட்டு, வாலுப்பயல் போயும் போயும் வாலையா வெட்ட வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மேஜையில் உட்கார்ந்து, "டேய் அரைச்செங்கல், இந்த மூலைக்கு ஒரு கால் வட்டம் குடு" என்று அவர் கேட்பதும் நீ எடுத்துக் கொடுப்பதும் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மனுஷனிடம் அப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இதைப் பதினாலு மாதமாகக் கேட்க நினைத்தேன், கேட்டுவிட்டேன். இனி கேட்க மாட்டேன்.

காய்கள் வந்துவிட்டன. நூற்றுச் சொச்சம். கடைக்காரர், "துணைக்காலும் ர-வும் ஒண்ணாத்தான்மா இருக்கு, அந்த வடிவத்துலயே எட்டு காய் வெட்டிட்டேன், எதுக்கு வேணும்னாலும் வெச்சுக்கோங்க" என்றார். உன் பெருமை அவருக்கும் புரிந்திருக்கிறது. விளிம்பு வைத்த ஸ்டீல் தட்டைத் தலையணை மேல் சாய்த்து வைத்துவிடுவேன். வேண்டிய காய்களை விரலால் ஒவ்வொன்றாக இழுத்து, கீழே வரிசை கட்டுவார். ஒரு வார்த்தைக்குக் கால் மணி நேரம் ஆகும். களைத்துப்போவார். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் கேட்பதில்லை. ஆமாம் என்றால் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார், இல்லை என்றால் இரண்டு தரம்.

முதல் வார்த்தை என்ன தெரியுமா? நான் என்னென்னவோ எதிர்பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'மூக்கு'. மூன்று மாதமாக அவருக்கு மூக்கு அரித்திருக்கிறது. சொறிந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

முந்தாநாள் ஒரு கூத்து. காலையில் துடைத்துவிட்டு, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தட்டைப் பார்த்தார், வைத்தேன். நிதானமாக நாலு காயை இழுத்தார். 'நாகம்'. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மாதிரி ஆனவர்களுக்கு இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று பிசியோ அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். இருந்தாலும் விட முடியுமா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால், ஷூ வைக்கிற பெட்டியில் எல்லாம் தேடினேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "ஏழாவது மாடிக்குப் பாம்பு லிப்டுலயாம்மா வந்திருக்கும்?" என்று அவர் கேட்க, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்தேன். "உங்க நாகம் ஓடிப்போச்சு, நிம்மதியா தூங்குங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

உன் விஷயத்தை இன்னும் கேட்கவில்லை. உன் பேரை எடுத்தாலே அவர் முகம் எப்படிப் போகுமோ என்று பயமாக இருக்கிறது. முகமே போகாது என்பதுதான் இன்னும் பயம்.

அக்கா

*

மார்ச் 4

அக்காவுக்கு,

பாம்புக் கதையை அறையில் வாசித்துக் காட்டினேன். எட்டுப் பேரும் சிரித்தோம்.

நாள் குறைகிறது. இந்த வாரம் கேட்டுவிடு. ஆனால் ஒன்று, 'அவன் வரட்டுமா' என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் உன் கஷ்டத்தைப் பார்த்து, உனக்காகச் சரி என்றுவிடுவார். அது எனக்கு வேண்டாம். 'அவன் வந்து உங்கள் முன்னால் நின்றால் எப்படி இருக்கும்' என்று மட்டும் கேள். மனசில் இருப்பது தானாக வரும். என்ன வந்தாலும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எனக்கு எழுது.

தம்பி

*

மார்ச் 10

தம்பி,

கேட்டேன். நீ எழுதினபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் கேட்டேன். சனிக்கிழமை காலை, வெயில் அவர் கால்மாட்டில் இருந்தது, முகம் தெளிவாக இருந்தது. நல்ல வேளை பார்த்துத்தான் கேட்டேன். உன் கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன், லிப்ட் ரிப்பேர் வரியையும் விடவில்லை.

உடனே விரல் அசைந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. வ எடுத்தார். கால் எடுத்தார். பிறகு ட், டு, ம். தள்ளித் தள்ளி நேராக வரிசை கட்டினார், ஒரு காய் கோணலாக நிற்க விடவில்லை.

'வாட்டும்.'

கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். அதை வாய்விட்டுப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை. "சரிங்க. வர வேண்டாம்னு எழுதிடறேன்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பார்க்க முடியாமல் போயிற்று. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, நாலு மாதத்தில் நான் கேட்டிராத சத்தம். அந்தக் கால் காயை மட்டும் தனியாக இழுத்து வைத்துக்கொண்டு, அதன் அடியில் நகத்தால் கீறு கீறு என்று கீறினார். நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. நான் கையைப் பிடித்தேன். பிடித்ததில் தட்டு கவிழ்ந்து காய் எல்லாம் கீழே கொட்டிப் போயிற்று. உன் மேல் அவருக்கு இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

காய்களைப் பொறுக்கி வைத்தேன். இரண்டு நாளாகத் தட்டைப் பக்கத்தில் கொண்டுபோனாலே இரண்டு விரலையும் மடக்கிக்கொள்கிறார். ஒரு தரம் மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை என்று வைத்திருந்தோம். இப்போது கண்ணை மூடியே வைத்திருக்கிறார்.

இல்லத்துக்குப் போன் செய்து உறுதி சொல்லிவிட்டேன். ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும். நீ கையெழுத்துப் போட்டுவிடு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட நேரமும் இல்லை.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் ஆபீஸில் போய், மூன்று தாளிலும் கையெழுத்து. எழுத்தர் ஒரு தரம் படித்துப் பார்க்கச் சொன்னார். படிக்கவில்லை.

அவர் சொன்னது சரிதான். எனக்கே என்னைப் பார்த்தால் வாட்டும். நான் கேட்டுக்கொண்டது, நீ எழுதினாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது, அதை இப்போது சொல்லிவிடுகிறேன். வந்தால் அவருடைய முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டலாம் என்று இருந்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எந்த எழுத்தில் எத்தனை கட்டம் என்று கூடத் தெரியும். அவர் கண்ணால் சரி தப்பு சொன்னால் போதும்.

இன்னும் இரண்டு வருஷம். பம்ப் ஓடுகிறது. நின்றால் ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 19

அக்கா, அக்கா,

நேற்று எழுதினதையும் இதையும் ஒன்றாகத்தான் பிரிப்பாய். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் படி. உட்கார்ந்துகொண்டு படி.

இன்று சாப்பாட்டு வேளையில் கட்டத் தாளை எடுத்து அவர் சொன்னதை என் எழுத்திலேயே கட்டிப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதே. என் எழுத்தில் அவர் என்னை எப்படித் திட்டினார் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. வ, கால், ட், டு, ம். கருப்படித்து முடித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் தட்டோடு என்னைத் தாண்டிப் போனவர், குனிந்து பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்: "வரட்டும்? யாருப்பா வரட்டும்?"

திரும்பப் பார்த்தேன். வரட்டும் என்றுதான் இருக்கிறது. வாட்டும் என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் அதே ஐந்து காய். ர-வையும் காலையும் ஒன்றாக்கினவன் நான். எப்படி இருக்கும் என்று கேட்கச் சொன்னவனும் நான். 'வரட்டுமா' என்று நீ கேட்டிருந்தால் பதில் பிசகியே இருக்காது.

அவர் நகத்தால் கீறினார் என்று எழுதினாயே. எந்தக் காயை? எந்த இடத்தில்? அடியில். அவர் கோபத்தில் கீறவில்லை அக்கா. வால் போட்டிருக்கிறார். நீ 'வர வேண்டாம்னு எழுதிடறேன்' என்றதும், தப்பாகப் படித்துவிட்டாய் என்று தெரிந்து, நகத்தால் வால் போட்டுக் காட்டியிருக்கிறார். ரகரத்துக்கு வால் எங்கே என்று பதினைந்து மாதம் முன்னால் கேட்டார், நான் நக்கலடித்தேன்.

இன்னொன்று. அதை எழுதவே கை வரவில்லை. வாட்டும் என்பதற்குக் கீழே, அந்தப் பாம்பையும் எழுதிப் பார்த்தேன். ந, கால், க, ம். காலை ர ஆக்கிப் படி. அன்று காலையில் எப்படி இருக்கு என்று நீ கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்று படி. நாங்கள் எட்டுப் பேர் அதற்குச் சிரித்தோம்.

ஆபீஸுக்கு ஓடினேன். தாளைத் திருப்பிக் கேட்டேன். "பைக்கு சீல் வெச்சாச்சு, நாளைக்கு வண்டியில போவுது" என்றார் எழுத்தர். கெஞ்சினேன். பழைய ஒப்பந்தம் முடிகிற 31-ஆம் தேதி வரைக்கும் ரத்து செய்ய ஒரு வழி இருக்கிறதாம். வீட்டில் நோயாளி இருந்து, அவரே என்னைக் கூப்பிட்டு எழுதியிருக்க வேண்டும். நோயாளியின் கைப்பட வேண்டும், வேறு யார் எழுதினாலும் செல்லாது என்கிறார். கைப்பட என்றால் எப்படி? அவரிடம் இருப்பது இரண்டு விரல். 27-ஆம் தேதி வண்டிக்கு எப்படியாவது ஏதாவது வர வேண்டும். அதற்கடுத்த வண்டி ஏப்ரலில்தான்.

கீழே வால் வரைந்திருக்கிறேன். அரைக் கட்டம், சாய்வாக வெட்டின முக்கோணம், இடது பக்கம் இறங்கினது. அத்தானின் 'மின்தூக்கி'யில் இருந்த அதே வால். அளவு சரியாக இருக்கும். எதில் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டு. நாலு காய்க்கு ஒட்டு, நாலை அப்படியே விடு.

பிறகு அவரிடம் கேள். எப்படி வேண்டுமானாலும் கேள். நிஜமாகவே வாட்டும் என்றுதான் சொன்னார் என்றால், அதையும் எழுது.

வாலு

*

மார்ச் 24

வாலு,

உன் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. அடுப்படியில் நின்றபடியே படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய், உட்காரத் தோன்றவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகிறது அவர் காதில் விழக் கூடாது என்றுதான். குடிநீர் அலுவலகத்துக்காரி தண்ணீரை வீணாக்கினேன், போகட்டும்.

அத்தான் லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கில் வாயை வைத்து ஒரே விஷயம்தான் சொல்வார். "பேசிக்கிட்டே இருங்க, நான் வெளியில நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்." கதவைத் திறப்பது அப்புறம்தான், உள்ளே இருப்பவன் சொல்வது வெளியே ஒருத்தன் காதில் விழுகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும் என்பார். இங்கே அவர் உள்ளே இருந்து சொல்லியிருக்கிறார். வெளியே நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு பாம்பு தேடியிருக்கிறேன். சிரித்திருக்கிறேன் வாலு. அவர் முன்னாலேயே.

முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். பதினாறு நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறவர். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நீங்க சொன்னது நாகம் இல்ல, நரகம்தானே?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஒரு தரம் மூடித் திறந்தார்.

அதற்கு மேல் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். மன்னிப்புக் கேட்டேன் என்று மட்டும் தெரிந்துகொள். உன் கடிதத்தையும் முழுக்க வாசித்துக் காட்டினேன். 'வால் போட்டிருக்கிறார்' என்ற இடம் வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார் பார், பிசியோ அம்மா இத்தனை நாள் ஊதச் சொல்லியும் வராத மூச்சு.

வாலுக்கு என்ன செய்வது என்று வீடு முழுக்கத் தேடினேன். காகிதம் மெல்லிசு, விரலுக்குத் தெரியாது. கடைசியில் என் ரப்பர் செருப்பின் ஓரத்தை வெட்டினேன். நீ வரைந்த அளவுக்கு நாலு முக்கோணம். முதல் இரண்டு கோணல், அவர் கண்ணை இரண்டு தரம் மூடினார், பிய்த்துத் திரும்ப ஒட்டினேன். படுத்த படுக்கையிலும் அந்தக் கண்ணுக்கு அரை நூல் பிசகக் கூடாது. எட்டாவது கட்டத்துக்கு வால் தொங்குகிறது, தட்டில் வரிசை கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. உன் ஏழு கட்டம் கெட்டுப்போயிற்று.

பிறகு கேட்டேன். அதே கேள்வியைத்தான் கேட்டேன், வேண்டுமென்றேதான். "அவன் வந்து உங்க முன்னால நின்னா எப்படி இருக்கும்?"

வ எடுத்தார். எட்டுக் காயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, நாலுக்கு வால், நாலு மொட்டை. விரல் இரண்டு பக்கமும் போய் வந்தது. மொட்டையை இழுத்தார். ட். டு. ம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை வாய்விட்டே படித்தேன். "வாட்டும்." ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதானா என்று தட்டை எடுக்கப் போனேன்.

விரலைத் தட்டின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டார். எடுக்க விடவில்லை. பிறகு அந்த மொட்டைக் காயை மெதுவாக வரிசையை விட்டு வெளியே தள்ளினார். அந்த இடத்தில் வால் வைத்த காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மற்ற நாலு காயையும் தொடவில்லை.

வரட்டும்.

அவருக்கு வாயின் வலது பக்கம் தொங்கிப்போயிற்று, இடது பக்கம் மட்டும்தான் அசையும். அந்தப் பாதி வாயால் சிரித்தார். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், நீ ஒரு மூலையைச் சரியாகக் கட்டிவிட்டால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிப்பாரே அந்தச் சிரிப்பு.

கைப்பட வேண்டும் என்று உன் எழுத்தர் கேட்டிருக்கிறார் அல்லவா? வரிசை மேல் தாளைப் போட்டுப் பென்சிலால் தேய்த்தேன். மேடு எல்லாம் கருப்பாக எழும்பி வந்தது. காயை நகர்த்தினது அவர் விரல், அதனால் அது அவர் கைப்பட எழுதினதுதான் என்று நான் சொன்னதாகச் சொல். கீழே இரண்டு விரல் ரேகையும் மை தொட்டு வைத்திருக்கிறார். டாக்டரின் சீட்டும் சேர்த்திருக்கிறேன். இப்போது ஓடினால் உங்கள் வண்டி கிளம்புகிற ஊருக்கு விரைவுத் தபாலில் 26-ஆம் தேதி போய்ச் சேரும் என்கிறார்கள். இல்லத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை. உன்னிடமிருந்து தகவல் வருகிற வரைக்கும் அந்தச் சுவர் ஓரத்துக் கட்டில் அவர் பேரில்தான் இருக்கிறது. அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஒன்று கவனி. உறைக்குள் இரண்டு தாள் இருக்கிறது. மொட்டைக் காயோடு முதலில் வைத்தாரே, அதைத் திரும்ப வைத்து, அதையும் தேய்த்து அனுப்பக் கண்ணால் தாளைக் காட்டினார். எதற்கு என்று கேட்டேன். உன் பழைய பட்டப் பேரைச் சொல்லி, அரைச்செங்கலுக்கா என்றேன், ஒரு தரம் கண்ணை மூடினார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆபீஸில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துத் தொலைக்காதே. வால் இருப்பது அவர்களுக்கு. வால் இல்லாதது உனக்கு.

அக்கா